பாலைவனத்துக்கு இரண்டு பெண்கள்

அக்கா,

நேற்று மகள் ஒரு வைன் போத்தலோடு வீட்டுக்கு வந்தாள். வேலையிடத்தில் யாரோ பரிசாகக் கொடுத்ததாம். மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, லேபிளில் இருக்கும் ஊர்ப் பெயரை வாசிக்கச் சொன்னேன். நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"ஒசோயூஸ். ஏன் அம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச இடமோ?" என்றாள்.

தெரியும் என்று மட்டும் சொன்னேன். போன மாரியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு, அந்த ஊரைப் பற்றிக் கதைப்பதற்கு எனக்கு ஆள் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ரெக்ஸ்டேலில் நாங்கள் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையை நினைத்துப் பார்க்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விமான நிலையத்தைச் சுற்றியிருந்த ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் எங்களிடம்தான் வரும். அந்தப் பெரிய அழுத்தும் மெஷினுக்கு முன்னால் விரிப்பின் ஒரு முனையை நீங்கள் பிடிப்பீர்கள், மற்ற முனையை நான். ஆவியில் எங்கள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே கிடக்கும். விரிப்புகளுக்குள் சிக்கி, ஹோட்டல்காரர்கள் மறந்துவிட்ட பொருள்களும் வரும். ஒற்றைக் காலுறை, மூக்குக் கண்ணாடி, ஒருமுறை ஒரு கரடிப் பொம்மை. அப்படித்தான் அந்தச் சஞ்சிகையும் வந்தது.

நனைந்து ஒட்டியிருந்த பக்கங்களை நீங்கள் மெதுவாகப் பிரித்தீர்கள். மண்ணிற மலைகள், கீழே ஒரு நீல ஏரி, நடுவில் வரிவரியாகத் திராட்சைக் கொடிகள். முன்னால் ஒரு கள்ளிச் செடி.

"பிள்ளை, உது எந்த இடம்? வாசியும் பாப்பம்."

"கனடாவிலை ஒரு பாலைவனமாம் அக்கா. மேற்கிலை, பிரிட்டிஷ் கொலம்பியாவிலை. அங்கை வைன் செய்யினமாம். வசந்தத்திலை போனால் நல்ல வடிவாம்."

"கனடாவிலை பாலைவனமோ?" என்று சிரித்தீர்கள். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து, மெஷினின் சூடான விளிம்பில் காய வைத்தீர்கள். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அதை விரித்துவைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "போவம். வாற சித்திரையிலை."

நான் பகிடி என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் யார் சும்மா ஓரிடத்துக்குப் போனது? கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா இவற்றுக்குத்தான் பயணம். அப்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "கலைபட்டுக் கலைபட்டுத்தான் இவ்வளவு காலமும் ஊர் ஊராய்த் திரிஞ்சனான். ஒருக்கால் நானாய் ஒரு இடத்தைத் தெரிஞ்செடுத்துப் போகவேணும்." போரில் கணவரை இழந்து, எறிகணைக்குப் பயந்து வீடு மாறி மாறி, கடைசியில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தவர் நீங்கள். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

லீவு கேட்க சூப்பர்வைசரிடம் போனோம். நல்ல மனிதர். எங்களைக் கண்டதும் முகம் வாடி, "யார் இறந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவரும் இல்லை என்றீர்கள். அப்படியென்றால் கலியாணமா என்றார். அதுவும் இல்லை. அவருக்கு விளங்கவில்லை. காரணம் தேடி நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நீங்கள் நிமிர்ந்து நின்று, "ஹொலிடே" என்றீர்கள். அந்த ஒரு சொல்தான். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் தம்பிதான் விடவில்லை. அன்று நான் உங்கள் வீட்டுக் குசினியில் நின்றேன். "அக்கா, வைன் ஊருக்குப் பொம்பிளையள் தனியப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்று அவர் கேட்டார். அவர் கெட்டவரில்லை. உங்களைக் கட்டிக்காத்துப் பழகியவர்.

நீங்கள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "சனம் கதைக்கட்டும் தம்பி. எப்பிடி இருந்தது எண்டு வந்து நானே அவைக்குச் சொல்லுறன்."

"நான் வேண்டாம் எண்டு சொன்னால்?"

"நீ சொல்லலாம். நான் போவன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். நீங்கள் அடுத்த வெங்காயத்தை எடுத்தீர்கள். எனக்குத்தான் பயம் பிடித்துவிட்டது. என் வீட்டில் இன்னும் சொல்லவே இல்லை, சின்னப் பிள்ளை வேறு. வேண்டுமானால் அடுத்த வருடம் பார்ப்போமா என்று கேட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. "நீர் வந்தால் எனக்குச் சந்தோஷம். வராட்டிலும் நான் போறன், பிள்ளை" என்றீர்கள். அன்று மாலையே என் கணவரிடம் சொன்னேன். "அப்ப மகளுக்குத் தலையிழுத்துப் பின்னிவிட எனக்குக் காட்டித்தாரும்" என்றார் அவர்.

மோட்டலுக்கு நீங்களே தொலைபேசி எடுத்தீர்கள். நான் எடுக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் விடவில்லை. சொல்ல வேண்டியதைப் பாடமாக்கி, தொண்டையைச் செருமி, "ரூ லேடீஸ். லேக் சைட் ரூம்" என்று சொன்னபோது, வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் உங்களுக்கு.

விமானம் மாறி, பஸ் ஏறிப் போய் இறங்கியபோது மலைச் சரிவெல்லாம் மஞ்சள் பூக்கள். காற்றில் ஈரமே இல்லை. நீங்கள் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அடுத்த நாள் காலை, பழக்கதோஷத்தில் கட்டில் விரிப்பை உருவத் தொடங்கினீர்கள். "அக்கா, விடுங்கோ. அதுக்கு இஞ்சை ஆக்கள் இருக்கினம்" என்றேன். உருவிய முனையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தீர்கள். சிரித்துச் சிரித்து உங்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

திராட்சைத் தோட்டத்தில், மர மேசைக்குப் பின்னால் நின்ற முதியவர் கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றித் தந்தார். நீங்கள் வாழ்க்கையில் தொட்டறியாத சாமான். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒரு மிடறு குடித்தீர்கள். முகம் சுருங்கிவிட்டது. எப்படி என்று அவர் கேட்டார்.

"நொட் ஃபோ மீ," என்றீர்கள். "பட் யுவர் வேர்க், வெரி குட்."

அந்த மனிதர் கிண்ணத்தை வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எங்களை வெளியே கூட்டிப்போனார். கொடிகளில் அப்போதுதான் மொட்டுக் கட்டியிருந்தது. மழை இல்லாத இந்த மண்ணுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிப் பாய்ச்சுகிறீர்கள் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே போனீர்கள். அவர் நின்று நின்று பதில் சொன்னார். வேலைக்காரப் பெண்ணாகவோ அகதியாகவோ இல்லாமல், தூரத்திலிருந்து வந்த விருந்தாளியாக உங்களை ஒருவர் நடத்தியதை அன்றுதான் நான் பார்த்தேன். உங்கள் நடையே மாறியிருந்தது.

திரும்பி வந்த அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. குடிச்சனீங்களோ?"

"ஓம், குடிச்சனான். புளிச்சுது."

அந்தச் சிரிப்பு மெஷின் சத்தத்துக்கு மேலால் கேட்டிருக்கும். உங்கள் தம்பி ஒரு கிழமை முகம் கொடுக்காமல் திரிந்தார். பிறகு ஒருநாள், கோயிலில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இளக்காரமாக ஏதோ கேட்டபோது, "அவ எங்களுக்கு முதல் கனடாவைப் பாத்திட்டா" என்று அவரே சொன்னாராம். அதை நீங்கள் என்னிடம் இரண்டு தரம் சொன்னீர்கள்.

அடுத்த வசந்தத்தில் எங்களுடைய பெண்கள் ஒவ்வொருவராக லீவு கேட்கத் தொடங்கினார்கள். ஒருத்தி கடலைப் பார்க்கக் கிழக்கே போனாள். சூப்பர்வைசர் யாரிடமும் யார் இறந்தது என்று கேட்கவில்லை.

இப்போது நான் விட்பியில் இருக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்குப் பொறுப்பு. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் லீவுக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். போன கிழமை, ஊரிலிருந்து வந்து அதிக காலமாகாத பிள்ளை ஒன்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. சித்திக்குச் சுகமில்லை என்று தொடங்கி, பாதியில் திக்கி, தரையைப் பார்த்தது.

"காரணம் வேண்டாம் பிள்ளை. எந்தக் கிழமை எண்டு மட்டும் சொல்லும்" என்றேன்.

அது நிமிர்ந்து பார்த்தது. மெல்ல வாய் திறந்து, தானும் அறைத் தோழியும் ரயிலில் மலைகளைப் பார்க்கப் போக நினைத்திருப்பதாகச் சொன்னது. எங்கே ஏறுவது, எங்கே தங்குவது, எந்தப் பக்க ஜன்னல் நல்லது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தது. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழும்பவில்லை, அக்கா. அது சொல்லி முடிக்கும்வரை இருந்து கேட்டேன்.