தண்ணி குடிச்ச வரிசை

அண்ணே,

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய விதை உறை ஒன்று கிடைத்தது. வரிசை எண்ணுக்குக் கீழே உங்கள் கோணல் கையெழுத்தில் 'தண்ணி குடிச்சது' என்று இருக்கிறது. நீங்கள் தவறிய செய்தி வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. இன்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஆய்வு வயலுக்குக் காவலும் நீங்கள்தான், தண்ணீர் பாய்ச்சலும் நீங்கள்தான். நான் மதுரை டவுனில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். புல்லென்று நினைத்து நான் நெல்லைப் பிடுங்கியதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

வரிசைக்கு ஒரு நெல் ரகம் நட்டிருந்தோம். கதிர் வரும் நேரத்தில் தண்ணீரை நிறுத்தி வயலைக் காயவிட வேண்டும். தாங்கி நிற்கும் வரிசைகளின் மரபணுவை வாடியவற்றோடு ஒப்பிட்டு, தாங்கும் குணம் அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். அது தெரிந்தால், குறைந்த தண்ணீரில் விளையும் நெல்லைச் சீக்கிரம் உருவாக்கலாம். என் முனைவர் பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

ஒரே ஒரு வரிசை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லேபில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். அறிக்கையை எழுதி முடித்துவிட்டு விதை எடுக்க வந்த அன்று, தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றீர்கள்.

"தங்கச்சி, அது தானா நிக்கல. தலை தொங்கிக் கெடந்துச்சு, மனசு கேக்கல. தெனம் காலையில ரெண்டு கொடம் நான்தான் ஊத்துனேன்."

"இம்புட்டு வரிசை இருக்கு. அதுக்கு மட்டும் ஏண்ணே?"

"அதுதான் மொதல்ல வாடுச்சு."

"உங்கள யாரு ஊத்தச் சொன்னது?" என்று கத்தினேன். ஒரு பருவம் பாழ். நீங்கள் உறையை வாங்கி அந்த இரண்டு வார்த்தையை எழுதிக் கொடுத்தீர்கள். வேலை போய்விடலாம் என்று தெரிந்தும்தான் சொன்னீர்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வேலை போகவில்லை. மறு வருடம் நீங்களே வந்து, "காயப்போடுற நாளெல்லாம் பரவையில மக வீட்டுக்குப் போறேன். இங்க இருந்தா கை சும்மா இருக்காது" என்றீர்கள். அந்த முறை அதே வரிசைதான் முதலில் கருகியது. வேறொன்று நின்றது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனது.

நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இருப்பதிலேயே நோஞ்சான் நெல்லை வறட்சி தாங்கும் என்று சொல்லி மானாவாரிக்காரர்கள் கையில் கொடுத்திருப்பேன். இப்போது மாணவர்கள் நல்ல முடிவோடு ஓடிவந்தால், வயலில் வேலை பார்ப்பவரிடம் முதலில் பேசிவிட்டு வரச் சொல்கிறேன். உங்களுக்கு நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். கத்தியது மட்டும்தான் நினைவிருக்கிறது.