சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணி

தர்ஷன் அப்பாவுக்கு,

ராத்திரி வேலை முடிஞ்சு ஃபெக்டரியில இருந்து வந்ததும் மொதல்ல சாப்பிடுங்க. ரொட்டிய மூடி வெச்சிருக்கேன், சம்பல் கிண்ணத்துல இருக்கு.

சாமிப் படத்துக்குப் பக்கத்துல நீங்க மாட்டுன கடைப் பதிவுச் சான்றிதழ யாரும் திருடல. நாந்தான் பொகவந்தலாவை டவுனுக்கு எடுத்துட்டுப் போறேன். அத நம்ம தையல் கடையிலேயே, வர்றவங்க கண்ணுல படுற மாதிரி மாட்டணும்னு சட்டம். இன்னைக்குப் பிரதேச செயலகத்துல இருந்து பார்க்க வர்றாங்க. போட்டோக் கொப்பியக் காட்டித் தப்பிக்க முடியாது.

நேத்து வேலைக்குப் போகும்போது, அதக் கழட்டணும்னு நான் சொன்னதுக்குக் கோவமா ஒண்ணு சொன்னீங்களே, "இந்தத் தோட்டத்து லயத்துல நம்ம பேரு போட்ட தாளு தொங்குறது இதுதான் மொதத் தடவ"ன்னு. அது மனசுலயே நிக்குது. எனக்கு மட்டும் கழட்ட ஆசையா? கடைக்கு வர்றவங்களும் அந்தப் பேரப் படிக்கட்டுமே.

ஆணி வெறுமையா இருக்க வேணாம்னு கடையோட இன்னொரு சாவிய அதுல மாட்டியிருக்கேன். தூங்கி எந்திரிச்சு வாங்க.

சுதர்ஷினி

கீழ எடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: சான்றிதழோட கண்ணாடியில நீங்க வெச்ச குங்குமம் பேர மறைச்சுச்சு, அத மட்டும் தொடச்சேன். சந்தனப் பொட்டு அப்படியே இருக்கு. அது கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல.