மண்டப வாசலுக்கு அக்காவின் முகம்

ஜூன் 10, செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. காலை ஷிப்ட் முடிந்து நேராக மேசை. 22ஆம் தேதி அக்கா கல்யாணம். மண்டப வாசலில் வைக்க மணமக்களின் கேலிச்சித்திரம் வேண்டுமாம். வரைவது நான்தான் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அத்தான் சுலபம். சிடாம் கிரி ஊர்க்காரர். காதைப் பெரிதாக்கினேன், ஆள் வந்துவிட்டார். மை காய்வதற்குள் மார்க்கர் போட்டுத் தொலைத்தேன். தாடை முழுக்கக் கறை. மழை நாளில் மை லேசில் காயாது. இனி மின்விசிறிக்கு அடியில் வை, கழுதை.

ஜூன் 12, வியாழன்

அக்காவின் முகம் தாளில் வரவில்லை. அவள் நல்ல கறுப்பு. பழுப்புக்கு மேல் சாம்பல் மார்க்கரில் நிழல் போட்டேன், முகம் செத்துப்போனது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னாடி, கோத்தோரா கெடக்கு? மூஞ்சி கழுவாத மாதிரி. கொஞ்சம் வெளுப்பா போடேன்லா. அத்தன பேரு வந்து பாப்பாங்க."

சமையலறையிலிருந்து அக்கா: "என் கலர்லயே போடு. ஸ்டூடியோல வெளுக்க வச்ச போட்டோவே போதும் எனக்கு."

நான் சொதப்பினால் அம்மா சொன்னதே சரி என்றாகிவிடும். பயமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். பாக்கார் ஆராங் பக்கத்துக் கடையில் வாங்கியது: ஊதா மார்க்கர், செங்கல் நிறம், தடித்த தாள். அம்மாவின் மாத்திரையை வாங்க மறந்தேன். திட்டு.

அடியில் செம்பழுப்பு. காய்ந்ததும் நிழலுக்கு ஊதா. சாம்பல் வேண்டவே வேண்டாம். கன்னத்தில் செங்கல். ஒளி விழும் இடத்தில் ஒரே பூச்சு.

பளபளவென்று வந்தாள். கறுப்புதான், உயிரோடு. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "ம். இவதான்." அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 18, புதன்

முழுப் படத்தையும் அக்காவிடம் காட்டினேன். அவள் நிறத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். பிறகு முகம் மாறியது.

"அவரு காது இவ்ளோ பெருசு. அம்மாகிட்டேருந்து வந்த என் மூக்கு எங்கடி?"

"இருக்கே."

"இது சாமி படத்து மூக்கு. அவர மட்டும் கிண்டல் பண்ணுவ, என்னைய பாவம்னு விட்டுட்டியா?"

உண்மை. நிறத்துக்காக அவள் பட்டதெல்லாம் போதும் என்று மூக்கை நானே சின்னதாக்கிவிட்டேன். கோடே காட்டிக்கொடுக்கிறது. அத்தான் காது ஒரே வீச்சு. அக்கா மூக்கு நடுங்கி நடுங்கி, நூல் மாதிரி. வெட்கமாகிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

லீவு. புதுத் தாள். அக்கா எதிரே மருதாணிக் கையோடு, எதையும் தொட முடியாமல்.

தூரிகைப் பேனா. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுக்கணும், வேகமாக. முதலில் பென்சிலில் மூக்கைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இன்னும்" என்றாள்.

பெரிதாக்கினேன்.

"இன்னும்லா!"

மை போட்டேன். ஒரே இழுப்பு. மூக்கு போய் அத்தான் காதில் இடித்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். படத்தைப் பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.