நீங்கள் ஏறியிருந்த ஐஸ்பெட்டி

அத்தான்,

பக்கத்து வீட்டுக்காரன் இன்றைக்கு முற்றத்து மரத்தை வெட்டி விழுத்தினான். நாற்பது டிகிரி வெயில். தூள் பறக்கக்கூடாதென்று குழாயால் தண்ணீர் அடித்தான். ஈர மரத்தூளின் மணம் வேலி தாண்டிக் குசினிக்குள் வந்தது. கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அக்கா எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினாள். இந்த வெக்கையில் யன்னலைச் சாத்துகிற மனுசி இந்த ஸ்பிரிங்வேலில் இவள் ஒருத்திதான். ஏனென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். செத்தவருக்கு எழுதி என்ன பயன் என்பார்கள். இருந்தபோது சொன்னதையே நீங்கள் கேட்டதில்லை. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அங்கேயிருந்து திருத்திக்கொள்ளுங்கள்.

அக்கா பிள்ளைத்தாய்ச்சி என்றுதான் என்னை ஊரிலிருந்து கூப்பிட்டீர்கள். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இந்த நாடு மற்றவர்களுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்த புதிது. நான் வந்த கையோடு இன்னொன்றும் வீட்டுக்கு வந்தது. பனிமலையில் யாரோ கழித்துவிட்ட பனிவண்டி. முன்னுக்கு இரண்டு சறுக்குக்கட்டை, பின்னுக்கு ரப்பர்ப் பட்டி. இங்கே தை மாதம்தான் கொளுத்துகிற கோடை. அந்த வெயிலில் அதைக் கராஜுக்குள் இறக்கிவிட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி நின்றீர்கள்.

"அத்தான், வெயிலுக்குப் பனிவண்டி. மாரிக்கு ஐஸ்பழக் கடை போடப்போறியளோ?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் என்ன சொன்னாலும் சிரிப்பீர்கள். அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்திருந்தது.

கோடையில் இதைப் புல்வெளியில் ஓட்டிப் பந்தயம் வைக்கிறார்கள் என்றீர்கள். ஓடுவது பெரிய காரியமில்லை, சூடுதான் எதிரி என்றீர்கள். எஞ்சினைச் சுற்றி வருகிற தண்ணீர் இருக்கைக்கு அடியிலுள்ள குழாய்களால் போகும். பனியில் ஓடும்போது பட்டி எற்றிவிடுகிற பனி அந்தக் குழாய்களைக் குளிர வைக்கும். புல்லில் எற்றுவதற்கு என்ன இருக்கிறது, வைக்கோலும் புழுதியும்தான். ஆகவே குழாயோடு ஐஸ் கட்ட வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாக.

அந்த ஐஸுக்குப் பைகள் தைத்தது அக்கா. பதினொரு வருஷம் கோயில் கோயிலாக நேர்ந்து வந்த பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மெஷினில் குனிந்து, தன் நூல் சேலைகளைக் கிழித்துத் தைத்தாள். "வண்டிக்குச் சேலை கட்டுறா, அடுத்தது தாலி கட்டுவார்" என்று நான் பகிடி விட்டேன். அக்காவும் சிரித்தாள். அப்போது அது பகிடிதான்.

ஏன் இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். பஸ் திருத்துகிற இடத்தில் உங்கள் கறுப்பு நிறத்தைப் பார்த்து நக்கலாக ஸ்னோவி, பனிவெள்ளையன், என்று கூப்பிடுகிறார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். நீங்கள் திருகாணியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "வெண்டவன்ர பேரை ஒலிபெருக்கியில சொல்லுவாங்கள். ஒருக்கா எண்டாலும் என்ர பேரை அவங்கட வாயால கேக்கவேணும்." அன்றைக்கு எனக்குப் பகிடி வரவில்லை.

பந்தயத்தன்று விடியவே வெளிக்கிட்டோம். நம்மூரில் மீனுக்கு ஐஸ் கொண்டுபோகிறவர்கள் செய்வதைப் போல, மரம் அரிகிற மரக்காலையில் மரத்தூள் அள்ளி, கட்டி ஐஸை அதற்குள் புதைத்து, சாக்குச் சுற்றிப் பெட்டியில் வைத்தீர்கள். பந்தய வெளியில் வெள்ளைக்காரர் பார்த்துச் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அவர்களுடைய ஐஸ் எல்லாம் வாளித் தண்ணீராகிவிட்டது. உங்களுடையது கல்லுப்போலக் கிடந்தது. ஒரு வண்டி ஆவி கக்கிக்கொண்டு பாதியில் நின்றது. நீங்கள் ஓடினீர்கள், கட்டினீர்கள், குளிர வைத்தீர்கள், திரும்ப ஓடினீர்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அக்கா கார் நிழலில் கிடந்தாள். அந்த வெளியில் வேறு நிழல் இல்லை. கொண்டுபோன தண்ணீர் தேத்தண்ணீர் மாதிரிச் சுட்டது, குடித்ததையெல்லாம் சத்தியெடுத்தாள். முகம் வெளிறிப்போயிற்று. கடைசி ஓட்டத்துக்கு முன்னம் எழும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் நடந்து வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு துண்டு ஐஸ் தாங்கோ. வாயில வைக்க."

நீங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள். பிறகு அவளைப் பார்த்தீர்கள். "கொஞ்சம் பொறும். இந்த ஒரு ஓட்டத்துக்குத்தான் காணும்," என்றீர்கள். சொல்லிவிட்டு மூடியின்மேல் ஏறி இருந்தீர்கள்.

ஏன் அத்தான் ஏறி இருந்தீர்கள்? அவள் பறித்துக்கொண்டு ஓடப்போகிறாளா? இல்லையென்று சொன்னதைக்கூட நான் மறந்திருப்பேன். அந்த இருப்பைத்தான் மறக்க முடியவில்லை.

யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஈரத் துவாய் தந்தாள். அதை அக்காவின் தலையில் போட்டுக்கொண்டு கார்ச் சில்லோடு சாய்த்து வைத்திருந்தேன். அப்படியேதான் நீங்கள் வென்றதைக் கேட்டோம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். "ஸ்னோவி" என்று சொன்னார்கள். சனம் கைதட்டியது. நீங்கள் ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு கையை உயர்த்தினீர்கள்.

அதற்குப் பிறகுதான் பெட்டியோடு வந்தீர்கள். திறந்தால், தேங்காயளவு கட்டி மிச்சம். அந்த ஓட்டத்துக்கு அவ்வளவும் தேவைப்படவில்லை. தூளை ஊதி ஊதித் தட்டி, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினீர்கள். அக்கா உங்களுடைய கையைப் பார்த்தாள்.

"வேண்டாம். தாகம் போயிட்டுது."

பிள்ளை நல்லபடி பிறந்தது. அது பிள்ளையாரின் வேலை, உங்களுடையதல்ல. அக்கா சமைத்தாள், தோய்த்தாள், உங்களோடு கோயிலுக்கும் வந்தாள். ஆனால் அன்றையிலிருந்து உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. மருந்து வாங்கவும் என்னைத்தான் அனுப்பினாள். நீங்கள் அதைக் கவனித்தீர்களோ தெரியாது. வண்டியை விற்றுப்போட்டு வந்தபோது கவனித்தீர்கள் என்று நினைத்தேன். வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்கும் மூடியின்மேல் ஏறி இருந்துவிட்டீர்கள்.

போன ஆனியில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். உங்கள் தமையன் லண்டனிலிருந்து வந்து சேரும்வரை குளிரறையில் வைத்திருந்தார்கள். வேண்டியமட்டும் குளிர் கிடைத்தது. பெட்டியைத் திறந்தபோது அக்கா உங்களுடைய நெற்றியைத் தொட்டாள். "நல்லாக் குளிர்ந்திட்டுது" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. உங்களுக்காக நான்தான் அழுதேன். ஆத்திரத்தில் வருகிற கண்ணீரும் கண்ணீர்தானே.

இன்றைக்கு யன்னல் சாத்திய பிறகு குசினி அடுப்பாகிவிட்டது. அவள் கேட்கவில்லை, நானாக ஒரு கிளாஸ் நிறைய ஐஸ் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். உங்கள் மகள் ஓடிவந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். அக்கா தொடவில்லை. கிளாஸைப் பார்த்தபடி இருந்தாள். முழுவதும் கரைந்து, வெதுவெதுத்த பிறகுதான் எடுத்துக் குடித்தாள். ஒவ்வொரு கோடையும் இப்படித்தான்.

எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிறவள் நான், அத்தான். ஐஸ் கரைந்து முடிகிறவரை மட்டும் அவளுக்குப் பக்கத்தில் சும்மா இருக்கிறேன்.