பற்றரியில் மிச்சமிருந்த உன் வெயில்

என் குட்டித் தம்பிக்கு,

தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். இனி மாற்ற முடியாது.

உன் மின்சார மலைச்சைக்கிள் இன்னும் என் வீட்டு நடையில்தான் சாய்ந்து நிற்கிறது. இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் பழைய வீடுகளின் நடை எவ்வளவு ஒடுக்கம் என்று உனக்குத் தெரியும். வருகிற எல்லோரும் அதன் ஹாண்டிலில் இடுப்பை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். ஒருவரும் அதை நகர்த்தச் சொல்லவில்லை.

நீ அதை வாங்கி வந்த நாளில் நான் கேட்டது நினைவிருக்கிறதா? "கரண்ட் இல்லாத காட்டுக்குக் கரண்டில ஓடுற சைக்கிளோ?"

"காட்டில வெயில் எறிக்காதோ அக்கா?" என்றாய். "நீங்கள் ஆதாரம் கேக்காம ஒண்டையும் நம்ப மாட்டீங்கள். ஒருக்கா வந்து பாருங்கோ."

நான் வரவில்லை. காட்டில் தூங்குவதும் மிருகத்துக்குக் காத்திருப்பதும் எனக்கு ஒத்துவராது என்றேன். ஆனால் நீ திரும்பி வந்து சொன்னதையெல்லாம் கேட்டேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தூக்கிப் போன முழங்காலோடு, கூடாரத்திலிருந்து வேட்டைக்குக் காத்திருக்கும் மேட்டுக்கு உன்னால் நடக்க முடியவில்லை. பெற்றோல் வண்டியில் போனால் சத்தத்திலும் மணத்திலும் மூஸ் என்ற அந்தப் பெரிய கொம்பு மிருகம் ஓடிவிடும். அதனால் இந்தச் சைக்கிள். மடிக்கக்கூடிய சோலார் தகட்டைக் கூடாரத்தின் வெயில் பக்கம் விரித்து, ஒரு பெட்டியில் மின்சாரத்தைச் சேர்த்து, அதிலிருந்து சைக்கிள் பற்றரிக்கு ஏற்றுவாய். உறைந்த பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினால் பழுதாகிவிடும் என்று, குளிர் படாமல் அதை உன் ஸ்லீப்பிங் பாக்குக்குள் வைத்துக்கொண்டு படுப்பாய்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மணமகள்தான் கொஞ்சம் பாரம்" என்று லூக் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். உன்னோடு பெட்டி தூக்கியவர், உன்னை வேட்டைக்குப் பழக்கியவர். நான் கூப்பிடுவதைக் கேட்டு, உன் பெயரே தம்பி என்று நினைத்தவர். உண்மை தெரிந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை.

போன இலையுதிர்காலத்தில் வேட்டை முடிந்து வந்ததும் பற்றரியை என் குசினி அலுமாரியில், அரிசிப் பையின் பக்கத்தில் வைத்தாய். "மூண்டு லைற் எரியோணும் அக்கா. முழுக்க நிரப்பி வைச்சாலும் கூடாது, வெறுமையா விட்டாலும் கூடாது. இடைக்கிடை இந்தப் பொத்தானை அமத்திப் பாருங்கோ. குறைஞ்சாச் சொல்லுங்கோ."

யாரிடம் சொல்வது என்று நீ சொல்லவில்லையே.

பனி கொட்டிய அந்தக் காலையில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தேன். "படியில ஸ்னோவை வழிச்சுப்போட்டு வாறன்" என்று போனாய். பனி வழிக்கும் சவள் கல்லில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. நீ முடித்துவிட்டாய் என்று நினைத்து, தேத்தண்ணியைத் திரும்பச் சூடாக்கினேன்.

அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, செத்தவருக்கு விருப்பமான சாப்பாட்டைப் படைப்பது நம் வழக்கம். ஃப்ரீஸரில் நீ வைத்துவிட்டுப் போன மூஸ் இறைச்சியை எடுத்து, வறுத்த தூள் போட்டுச் சமைத்தேன். மாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது மாட்டுச் சாதியோ பிள்ளை, மான் சாதியோ?"

"மான்தான் மாமி."

"அப்ப படைக்கலாம். உறைப்புக் காணாது, இன்னும் கொஞ்சம் தூள் போடு."

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன். பிறகு அலுமாரியைத் திறந்து பற்றரியை எடுத்து உன் படத்துக்கு முன்னால், வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.  

பொத்தானை அமத்தினேன். மூன்று லைற் எரிந்தது.

கோடையில் அது இரண்டானது. சார்ஜர் கையில்தான் இருந்தது, சுவரில் குத்தினால் போதும். ஆனால் அந்தப் பற்றரியில் இருந்தது நீ காட்டில் பிடித்து வைத்த வெயில். அதன் மேல் வீட்டு மின்சாரத்தை ஊற்றினால் எது உன்னுடையது, எது மற்றது என்று எப்படிப் பிரிப்பேன்? மின்சாரத்துக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. இயற்பியல் படித்தவள் நான். ஆவியையும் சகுனத்தையும் இன்றைக்கும் நம்பாதவள். ஆனாலும் சார்ஜரைச் சுருட்டி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

இலை பழுக்கத் தொடங்கியபோது ஒரு லைற்தான் மிஞ்சியது. அதுவும் மினுங்கியது. அப்போதுதான் லூக் வந்தார். வழக்கம்போல ஹாண்டிலில் இடித்துக்கொண்டார். பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் அவர் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்கிறேன்.

"இதை வெறுமையாகக் கிடக்க விட்டால் செத்துவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டுமா?"

"இதில் இருப்பது தம்பி போட்டது" என்றேன். சொன்ன பிறகு என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. பற்றரியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்படியென்றால் அலுமாரிக்குள் வீணாக்காதீர்கள். அவனுடைய காட்டுக்கு வந்து ஓட்டி முடியுங்கள். அன்றைக்கே அந்த வெயிலில் நிரப்பிவிடலாம், பற்றரிக்கு ஒன்றும் ஆகாது."

போனேன், தம்பி. உன் செம்மஞ்சள் வேட்டைச் சட்டை எனக்கு முழங்கால் வரை தொங்கியது. கூடாரம் அடித்து, வெயில் பக்கம் தகட்டை விரித்து வைத்துவிட்டு, லூக் கையால் மேட்டுக்குப் போகும் பாதையைக் காட்டினார். கூட வரவில்லை.

பழைய மரம் வெட்டும் பாதை. மிதித்தவுடன் சைக்கிள் மெல்ல உறுமி என்னை முன்னால் தள்ளியது. சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் பழக்கும்போது, சீற்றுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாயே, அதே தள்ளல். என்னைவிடச் சின்னவன் நீ, ஆனால் சைக்கிள் முதலில் பழகியவன். அப்போது நான் திரும்பிப் பார்த்துக் கத்துவேன், "விட்டுடாதை!" என்று. இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

மேடு கண்ணில் படும் இடத்தில் லைற் அணைந்தது.

சைக்கிள் திடீரென்று கல்லாகக் கனத்தது. இறங்கி நின்றேன். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. உன்னைத் தகனம் செய்த நாளில் வராத அழுகை அங்கே வந்தது. ஆளில்லாத இடம், வாய் விட்டு அழுதேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மீதி ஏற்றத்தை நடந்தேன். நீ எப்போதும் காத்திருப்பதாகச் சொன்ன விழுந்த மரத்தில் உட்கார்ந்தேன். நீ சொன்னது சரிதான். அங்கே வெயில் எறிக்கிறது.

இறக்கத்தில் சைக்கிள் தானாக உருண்டது.  லூக் பற்றரியை வாங்கிச் சோலார் பெட்டியில் கொழுவினார். மத்தியானம் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முகில் மறைத்தபோதெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். முதல் லைற் பிடித்தது. இரண்டாவது பிடித்தது. மூன்றாவது பிடித்தவுடன் கழற்றச் சொன்னேன்.

"இன்னும் வெயில் இருக்கிறதே" என்றார் லூக்.

"மூன்று போதும். தம்பி சொன்னது."

இப்போது அதில் உன்னுடையது ஒரு துளியும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும், பனி இறங்குகிறது, தம்பி. கூடாரத்துக்குள் உன் மணமகளை என் ஸ்லீப்பிங் பாக்குக்குள் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பாரம்தான். அதன் ஒரு மூலை விலாவில் குத்துகிறது.

இனி அதை மூன்றுக்குக் கீழே இறங்க விடமாட்டேன். குறைந்தால் உனக்குத்தான் சொல்வேன்.

சீற்றைப் பிடித்த கையை நீ விட்டது தெரியாமல் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா