இடது கைக்கு மாற்றிய மவுஸ்

அன்பு மகளுக்கு,

நாளைக்கு அப்பா சமாளித்துவிடுவாரா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஆமாம் என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையில் கேட்டுவிடும், அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

நாளை காலை பத்து மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் அவருக்கு ஒரு மணி நேரம் தருகிறார்கள். ஒரு தடத்தின் பேருந்து அட்டவணையை முழுதாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்ட வேண்டும். முடிந்தால் பழைய நாற்காலி. முடியாவிட்டால் வருகிறவர்களுக்கு வழி சொல்லும் மேசை. பத்தொன்பது வருடம் இந்த நகரத்துப் பேருந்துகளை நிமிடம் பிசகாமல் ஓடவைத்தவருக்கு அது என்ன மேசை என்று உனக்கே தெரியும். பக்கவாதம் வந்து ஏழு மாதமாகிறது. நடை வந்துவிட்டது. பேச்சு வந்துவிட்டது, அதற்கு முன்பே கிண்டல் வந்துவிட்டது. வலது கை மட்டும் யாரோ மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடக்கிறது.

ஒற்றைக் கைக்கென்றே கீபோர்டு விற்கிறார்களே, வாங்கலாம் என்றேன். "இருக்கிறதையே இன்னும் முழுசாத் திறந்து பாக்கல, அதுக்குள்ள புதுசா?" என்று செட்டிங்ஸுக்குள் நுழைந்தவர் மூன்று நாள் வெளியே வரவில்லை. மவுஸின் இரண்டு பட்டன்களையும் இடம் மாற்றினார். அம்புக்குறியைப் பெரிதாக்கி, அது ஓடும் வேகத்தைக் குறைத்தார். ஷிப்டை ஐந்து முறை தட்டினால் ஒரு வசதி வருமாம். அதற்குப் பிறகு இரண்டு கீகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டாம். கன்ட்ரோலைத் தட்டி விரலை எடுத்துவிட்டு, சாவகாசமாக அடுத்ததைத் தட்டினால் போதும். இருபது வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், கம்ப்யூட்டர் இல்லாத நாளில்லை. எனக்கு இது தெரியாது.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறக்கிறார். எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றுகிறார். ஒரு அட்டவணை போடுகிறார். சாயங்காலம் அந்தக் கணக்கையே அழித்துவிடுகிறார். நேற்று மனசு கேட்காமல் கையைப் பிடித்தேன், இவ்வளவு பாடுபட்டதை ஏன் அழிக்க வேண்டும் என்று. "நேத்துப் பல்லு வெளக்கினோம்னு இன்னைக்கு விட்டுர்றோமா? உங்க யுனிவர்சிடில இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றார். சொல்லித் தரவில்லைதான். நான் நேரத்தைக் குறித்துவைத்தேன். மாற்றி முடிக்க முதல் நாள் ஐம்பத்திரண்டு நிமிடம். இன்று ஒன்பது. அவரிடம் காட்டவில்லை. ஆனால் அந்தத் தாளை என் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய் வருகிறேன். ஏன் என்று கேட்காதே.

உன் கம்ப்யூட்டர் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது என்றாயே, அதற்கும் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் திறந்தவுடன் தானாகக் கிளம்புகிற புரோகிராம்களின் பட்டியலைப் பார்க்க வேண்டுமாம். "உன் பொண்ணு கூப்பிடாத விருந்தாளியெல்லாம் உக்கார வச்சிருப்பா" என்கிறார். தேவையில்லாததை நிறுத்து. என்னவென்று தெரியாததைத் தொடாதே. அதற்கு முன், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மீட்புப் புள்ளி வைத்துக்கொள். திரும்பி வர வழி வைக்காமல் எதையும் மாற்றக்கூடாதாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளை காலை கூப்பிடாதே. சாயங்காலம் கூப்பிடு. என்ன ஆச்சு என்று ஆரம்பிக்காதே. என் கம்ப்யூட்டர் இன்னும் மெதுவாத்தான் இருக்குப்பா என்று ஆரம்பி. மற்றதை அவர் சொல்லட்டும், சொல்ல விரும்பினால்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

*

மகளுக்கு,

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் விடுப்புப் போட்டுக் கூடவே போனேன்.

அவருடைய பழைய கம்ப்யூட்டர் அங்கே இல்லை, வேறு பிரிவுக்குப் போய்விட்டது. ஜன்னலோரம் ஒரு புது இயந்திரம், அதில் அவர் பெயருக்குப் புதுக் கணக்கு. மவுஸ் வலது பக்கம். மேலாளர் சங்கடத்தோடு, "இன்னொரு நாள் வாங்க சார், ஆள் வச்சு உங்களுக்குத் தோதாப் பண்ணித் தர்றோம்" என்றார். அப்பா, "வேண்டாம், நேரத்தைக் குறிச்சுக்குங்க" என்றார்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். மவுஸை இடது பக்கம் நகர்த்தினார். ஷிப்டை ஐந்து முறை தட்டினார். தினமும் எதற்காக அழித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாற்றி முடிக்க ஏழு நிமிடம். அட்டவணை முடிந்தபோது நான்கு நிமிடம் மிச்சம். ஒரு பிழை இருந்தது, அதை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். திங்கட்கிழமை பழைய நாற்காலிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு என்று என் தாளில் எழுதி, இந்த முறை அவரிடம் காட்டினேன். பார்த்தார், மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது நிறுத்தத்தில் காத்திருந்தோம். பேருந்து மூன்று நிமிடம் தாமதமாக வந்தது. "ஏழு மாசம் நான் இல்லன்னா இப்படித்தான்" என்று வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தார்.