குளிர் விடும்வரை வராதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. ஆனாலும் நல்ல சேதியை முந்திச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் கணக்கில் பள்ளிக்கே முதலாக வந்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் போடும் கணக்கில் எண்ணையே காணோம், எல்லாம் எழுத்துதான். அவள் தம்பி சதுரங்கத்தில் பெரிய பையன்களையெல்லாம் தோற்கடித்துக் கோப்பை வாங்கினான். கடைக்குட்டி இப்போது மழலை இல்லாமல் பாட்டி என்று கூப்பிடுகிறாள்.

அந்தக் கோப்பைதான் வினையாகிவிட்டது. யார் ஜெயித்தாலும் கோப்பையில் பழச்சாறு ஊற்றி, ஜெயித்தவர் முதலில் குடித்து, பிறகு எல்லோரும் ஒரு வாய் குடிப்பது நம் வீட்டு வழக்கமாயிற்றே. வரும்போதே வயிற்றைப் பிசைகிறது என்றான் பையன். ஜெயித்த பரபரப்புடா, வேறென்ன என்று உன் அண்ணன் முதுகில் தட்டினான். ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து, கீழ்வீட்டுத் தையற்காரரையும் கூப்பிட்டு, கோப்பை வாய்க்கு வாய் சுற்றியது. எனக்கு எட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. அன்றைக்கே பையன் வாந்தி எடுத்தான். பிறகு அண்ணி, அண்ணன், பெரியவள் என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள், இருப்பதோ ஒரே கழிப்பறை. தையற்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், இன்னும் அவர் மெஷின் சத்தம் கேட்கவில்லை. கடைக்குட்டி அழுதாள், கண்ணில் தண்ணீரே வரவில்லை. அதைப் பார்த்ததும் டாக்டரம்மா அவளையும் சேர்த்துக்கொண்டு டிரிப்ஸ் ஏற்றுகிறார். அண்ணி கூட இருக்கிறாள்.

குளிர் வயிற்றில் இறங்கிவிட்டதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். குளிரால் வருவதில்லைம்மா, குளிருக்குப் பயந்து நாம் செய்வதால்தான் அதிகம் பரவுகிறது என்றார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருங்கி உட்காருகிறோமாம், தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறோமாம், கிருமியும் குளிரில் கதவுப்பிடியிலும் குழாயிலும் பல நாள் சாகாமல் கிடக்குமாம். நோய் வந்தவர் குணமான பிறகும் கொஞ்ச நாளைக்கு அவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பையன் துள்ளி ஓடுகிறான், பாப்பா வந்ததும் நான்தான் முதலில் தூக்குவேன் என்கிறான். நீயோ லீவுக்கு வர டிக்கெட் வாங்கிவிட்டாய். எல்லாம் சரியாகிவிட்டது, கிளம்பி வா என்று அண்ணன் சொல்லுவான், அவனுக்கு எதுவும் சட்டென்று சரியாகிவிடும். கேட்காதே. ஓடியாடுகிற கடைக்குட்டியையே சுருட்டிப் போட்டுவிட்டது, மடியில் கிடக்கிற பிஞ்சு எப்படித் தாங்கும். குளிர் விட்டு ஜன்னல் திறக்கிற காலத்தில் வா. போனில் பேசினால் உன் குரல் கேட்டதும் வா என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இதை எழுதும்போதே அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி கழிப்பறைக்குப் போகிறார். ஒன்றுமில்லை, நீ எழுது என்கிறார். கவரை எச்சில் தொட்டு ஒட்டமாட்டேன், பசைதான். இருந்தாலும் படித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடு, கையில் தேய்க்கிற மருந்து இந்தக் கிருமிக்குப் போதாதாம். நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். பாப்பா பிறந்தபோது எடுத்த படம்தான் என்னிடம் இருக்கிறது, இப்போது முகம் மாறியிருக்கும். புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு, கொஞ்சம் பெரியதாக, நான் மடியில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

உன் அம்மா